நடுவில் நிற்காத பாடகி

பாட்டுக்கருவி விற்கிற இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த வயர் நல்லது என்றுதான். அடுத்ததாக, விலை கூடிய வயருக்கும் விலை குறைந்த வயருக்கும் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா என்று கேட்பார்கள். ஓய்வு பெறும்வரை நான் இரண்டுக்கும் ஒரே பதில்தான் சொல்லிவந்தேன். வயரைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் நாற்காலியைப் பற்றிப் பேசுவோம் என்பேன். கிழவனுக்கு ஏதோ தட்டிப்போட்டது என்று நினைத்து எழுந்து போனவர்களும் உண்டு.

ஹை-ஃபை என்பது பெரிய மந்திரமில்லை. பாடியபோது எப்படி இருந்ததோ அப்படியே வீட்டில் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு இசைத்தட்டை வாசிக்கும் கருவி ஒன்று, அம்பிளிபயர் ஒன்று, ஸ்பீக்கர் இரண்டு தேவை. இவற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இணையத்தில் நீங்கள் என்னைவிட அதிகம் வாசித்திருக்கிறீர்கள். நான்காவது உறுப்பு அறை. நல்ல ஸ்பீக்கரையும் ஒரு மோசமான அறை கெடுத்துவிடும் என்பதைச் சில வீடுகளில் அவமானப்பட்ட பிறகு நீங்களே கற்றுக்கொள்வீர்கள். ஐந்தாவது உறுப்பு நாற்காலியில் இருக்கிற மனிதர். அவரைப் பற்றி எந்தக் கையேட்டிலும் எழுதுவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒஸ்லோவின் நகர்ப்பகுதியில் இருந்த ஒரு ஹை-ஃபை கடையில் நான் பல வருடங்கள் வேலை செய்தேன். கடையின் பின்பக்கத்தில் கம்பளம் விரித்த ஓர் அறை இருந்தது. இரண்டு ஸ்பீக்கர், அவற்றுக்கு நேரே நடுவில் ஒரு நாற்காலி. எல்லாம் சரியாக இருந்தால் பாடுகிறவரின் குரல் இரண்டு பெட்டியிலிருந்தும் வருவதாகவே தோன்றாது. நடுவில், ஒன்றுமே இல்லாத வெறும் இடத்தில், ஓர் ஆள் நின்று பாடுவது போல் கேட்கும். முதல்முறை கேட்கிறவர்கள் கண்ணைத் திறந்து அந்த வெறும் இடத்தைப் பார்ப்பார்கள். சிலர் எழுந்து போய்த் தேடியும் பார்த்திருக்கிறார்கள். அந்த முகங்களைப் பார்ப்பதற்காகவே நான் இந்தத் தொழிலில் கிடந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் எங்கள் தமிழ் ஆட்களும் நல்ல சிஸ்டம் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். நோர்வேக்காரர் தனியாக வருவார், கேட்பார், வீட்டுக்குப் போய் ஒரு மாதம் யோசிப்பார். தமிழ்நாட்டிலிருந்து வந்த கணினிப் பொறியியலாளர்கள் கைநிறைய அச்செடுத்த தாள்களோடு வந்து, என்னை "சார்" என்று கூப்பிட்டு, நான் அதுவரை கேள்விப்படாத எண்களைச் சொல்லிக் கேள்வி கேட்பார்கள். யாழ்ப்பாணத்து ஆட்கள் குடும்பமாக வருவார்கள். வந்ததும், "தம்பி, நீங்கள் தமிழே?" என்பார்கள். அதற்கு "ஓம்" என்று சொன்ன கணத்திலிருந்து நீங்கள் கடைக்காரன் இல்லை, சொந்தக்காரன். சாமான் வீட்டுக்குப் போன பிறகும் உங்களை விடமாட்டார்கள்.

வீடுகளில் பார்த்ததைச் சொன்னால் ஒரு புத்தகம் வரும். ஸ்பீக்கருக்கு மேலே பின்னல் துணி, துணிக்கு மேலே கலியாணப் படம். பியோர்ண்டாலில் ஒரு வீட்டில் ஒரு பெட்டியை முன் அறையிலும் மற்றப் பெட்டியைச் சமைக்கிற குசினியிலும் வைத்திருந்தார்கள், வீட்டுக்கார அம்மாவுக்கும் கேட்க வேண்டுமாம். நான் சிரித்துக்கொண்டு மாற்றப் போனேன். அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டே சேர்ந்து பாடுவதைக் கண்டேன். வயரைத் தொடாமல் திரும்பிவிட்டேன். எல்லாப் பிழையையும் திருத்தத்தான் வேண்டும் என்று இல்லை. எதைத் திருத்தாமல் விடக்கூடாது என்பதுதான் கஷ்டமான கேள்வி, பரஞ்சோதி அண்ணையின் கதை அதைப் பற்றியது.

பரஞ்சோதி அண்ணை ஒஸ்லோவில் பஸ் ஓட்டுநர். எல்லிங்ஸ்ருட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மனைவியோடும் மகளோடும் இருந்தார். கோடையில் என்னிடம் ஒரு நல்ல சிஸ்டம் வாங்கினார். வேலை முடிந்து வந்தால் பக்திப் பாடல் இசைத்தட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் இருப்பாராம். ஒரு பெண் பாடகி, பக்கத்தில் வயலின், மிருதங்கம், கைத்தாளம். அவருக்கு அது போதும்.

மார்கழி தொடங்கும் நேரம் என் கைத்தொலைபேசிக்கு அழைப்பு எடுத்தார்.

"தம்பி, அவ நடுவிலை நிக்கேல்லை."

"ஆர் அண்ணை?"

"பாடுறவதான். இடப்பக்கம் போட்டா. போன கிழமை வரைக்கும் வடிவா நடுவிலை நிண்டவ. வலப்பக்கப் பெட்டிக்கு ஏதோ நடந்திட்டுது."

வேலை முடிந்து எல்லிங்ஸ்ருட்டுக்குப் போனேன். முன் அறைக்குள் கால் வைத்ததும் எனக்குக் காரணம் விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தேன். வலப்பக்கத்து ஸ்பீக்கர் சோகேசுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றது. சோகேஸ் என்றால் உங்கள் அம்மாமார் வீட்டில் இருக்கிறதே, அதே கண்ணாடி அலுமாரிதான். உள்ளே பொம்மைகள், பரிசுக் கோப்பைகள், ஒருவரும் தேநீர் குடிக்காத தேநீர்ச் செட். ஒரு பக்கம் திறந்த வெளி, மறுபக்கம் கண்ணாடி. பாடகி இடப்பக்கம் போகாமல் வேறு எங்கே போவார்?

"அக்கா, இதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் அரக்க வேணும்" என்றேன்.

"ஐயோ தம்பி, அது வந்த நாளிலையிருந்து அங்கைதான் நிக்குது" என்றார் அண்ணையின் மனைவி. இருந்தாலும் மறுக்கவில்லை. பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோபாவில் படுக்க வைத்தோம். அந்தப் பாரத்தை நானும் அண்ணையும் மற்றச் சுவருக்குத் தள்ளினோம். எனக்கு இடுப்பு நாரி பிடித்துவிட்டது. வெளியே உறைபனி, உள்ளே நான் குளித்தவன் போல் வேர்த்துப்போய் நின்றேன். இசைத்தட்டைப் போட்டு அண்ணையை நாற்காலியில் இருத்தினேன்.

"இப்ப நல்லாயிருக்கே அண்ணை?"

அவர் கொஞ்ச நேரம் கேட்டார். மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓம் தம்பி, நல்லாயிருக்கு. வலு வடிவா இருக்கு" என்றார். எனக்குச் சந்தோசம். ரோல்ஸும் இறைச்சிக் கறியும் புட்டும் தந்தார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, நல்லதொரு வேலை செய்த நினைப்பில் வீடு போய்ச் சேர்ந்தேன்.

இந்த இடத்தில் உங்களை நிறுத்தி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். அவர் தொலைபேசியிலேயே எனக்கு விடையைத் தந்துவிட்டார். போன கிழமை வரை சரியாக இருந்தது என்றார். சோகேஸ் வந்த நாளிலிருந்து அங்கேதான் நிற்கிறது என்று அக்காவும் சொன்னார். அப்படியென்றால் கோடை முழுவதும் அதே சோகேசுக்குப் பக்கத்தில் பாடகி நடுவில்தான் நின்றிருக்கிறார். மாறாத ஒன்று புதிதாக வந்த பிழைக்குக் காரணமாக இருக்க முடியாது. ஆனால் கண்ணுக்கு முன்னால் ஒரு பிழை அவ்வளவு பெரிதாக நின்றால், மூளை அதற்கு அப்பால் போகாது. உங்களுக்கும் இது நடக்கும், நடந்தே தீரும்.

இரண்டாவது, "நல்லாயிருக்கே?" என்று எங்கள் ஆளிடம் ஒருபோதும் கேட்காதீர்கள். நோர்வேக்காரர் இல்லை என்றால் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார், அதற்குப் பிறகும் உங்களோடு சிநேகமாக இருப்பார். எங்கள் ஆளுக்கு அது வராது. வீட்டுக்கு வந்தவன், பாரம் தூக்கியவன், இன்னும் சாப்பிடாதவன், அவனிடம் போய் உன் வேலை சரியில்லை என்று எப்படிச் சொல்வது? நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுக் தட்டில் இன்னொரு ரோல்ஸ் வைப்பார்.

நத்தார்ப் பண்டிகைக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, முந்திய சனிக்கிழமை ஒன்றில் பரஞ்சோதி அண்ணை கடைக்கு வந்தார். உங்களில் கடையில் நிற்கிறவர்களுக்கு அந்தச் சனிக்கிழமைகளைப் பற்றித் தெரியும். கதவு மூடவே மூடாது. அவர் தோளில் பனித்தூள் கரையக் கரைய நின்றுகொண்டு, அம்பிளிபயரை மாற்றித் தரும்படி கேட்டார்.

"ஏன் அண்ணை, சரிவந்திட்டுது எண்டனீங்கள்?"

"அது சரிதான் தம்பி. ஆனா என்னோடை பஸ் ஓடுற ஒருத்தரின்ர வீட்டை போனனான். அவரிட்டை ஒரு பழைய அம்பிளிபயர். அதிலை ஒரு குமிழ் இருக்கு. வலப்பக்கம் திருகினா அவ அப்பிடியே நடுவுக்கு வந்திட்டா. எனக்கு அந்தக் குமிழ் உள்ளது ஒண்டு தாங்கோ."

பலன்ஸ் குமிழைத்தான் சொன்னார். ஒரு பக்கத்துச் சத்தத்தைக் கூட்டி மறுபக்கத்தைக் குறைக்கிற குமிழ். நான் அவருக்கு விற்ற அம்பிளிபயரில் அது இல்லை, அந்தக் காலத்தில் நல்ல அம்பிளிபயர்கள் பலவற்றில் அதை வைக்க மாட்டார்கள். கடையில் குமிழ் உள்ளதும் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் அடுத்த ஆளைப் பார்க்கலாம். என் கை அலுமாரிப் பக்கம் போனதும் உண்மை. ஆனால் ஒன்று உறுத்தியது. அந்த நண்பரின் வீட்டில் வேறு ஸ்பீக்கர், வேறு அம்பிளிபயர், வேறு அறை. அங்கேயும் ஏன் வலப்பக்கம் திருக வேண்டி வந்தது?

அவரைப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவருடைய அதே இசைத்தட்டைப் போட்டேன். இந்தமுறை நல்லாயிருக்கே என்று கேட்கவில்லை. கண்ணை மூடச் சொல்லி, "அவ எங்கை நிக்கிறா எண்டு விரலாலை காட்டுங்கோ" என்றேன். விரல் இடப்பக்கம் போனது. அவரை எழுப்பிவிட்டு நானே அந்த நாற்காலியில் இருந்து கேட்டுப் பார்த்தேன். பாடகி அச்சொட்டாக நடுவில் நின்றார். அம்பிளிபயருக்குப் பின்னால் போய் வலம் இடம் இரண்டு வயரையும் மாற்றிச் செருகினேன். கருவியில் பிழை என்றால் பாடகி இப்போது வலப்பக்கம் வந்திருக்க வேண்டும். விரல் இடப்பக்கம்தான் போனது.

கடைசியாக நாற்காலியைத் திருப்பிப் பின்சுவரைப் பார்க்க வைத்தேன். இப்போது அவருடைய இடப்பக்கம் இருப்பது மற்ற ஸ்பீக்கர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மறுபடியும் இடப்பக்கம் காட்டினார். நான் பாட்டை நிறுத்தினேன். அவர் கண்ணைத் திறந்து தன் விரல் நீண்டிருந்த பெட்டியைப் பார்த்தார், திரும்பி மற்றப் பெட்டியைப் பார்த்தார். விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை.

"அண்ணை, பெட்டியிலை பிழையில்லை" என்றேன்.

"தெரியுது" என்றார். பிறகு நிதானமாக, "நீங்கள் குமிழைத் தாங்கோ தம்பி" என்றார்.

"வலக்காது அண்ணை. முதல்லை அதைக் காட்டுங்கோ."

"காட்டினா? காதிலை பிழை எண்டு வைத்தியர் எழுதினா என்னைப் பஸ்ஸாலை இறக்கிப்போடுவாங்கள். இந்த வயசிலை நான் வேற என்ன வேலைக்குப் போறது? சளிதான் தம்பி, குளிருக்கு அடைச்சிருக்கு. தன்பாட்டிலை திறக்கும். அதுவரைக்கும் குமிழ் இருந்தாக் காணும்."

அந்த நேரம் பார்த்துக் கடை முதலாளி கதவைத் திறந்து தலையை நீட்டினார். நோர்வேக்காரர், நல்ல மனிதர், ஆனால் வரிசையில் ஆட்கள் நிற்கும்போது நல்ல மனிதர் யாரும் நல்ல மனிதராக இருப்பதில்லை. என்ன பிரச்சினை என்று கேட்டார். அண்ணையே நொஸ்க்கில், அதுதான் நோர்வேஜிய மொழியில், தெளிவாகச் சொன்னார். குமிழ் உள்ள அம்பிளிபயர் வேண்டும், இவர் தரமாட்டேன் என்கிறார்.

"கொடுத்துவிடு" என்றார் முதலாளி என்னிடம். "அவர் கேட்கிறார், எங்களிடம் இருக்கிறது."

"இவருக்குத் தேவை அம்பிளிபயர் இல்லை, வைத்தியர்" என்றேன்.

"வைத்தியம் பார்ப்பது எங்கள் வேலையில்லை. வெளியே பார், எத்தனை பேர் நிற்கிறார்கள்."

அவர் சொன்னதில் பிழையில்லை. நான் வைத்தியன் இல்லை. அது சளியாகவும் இருக்கலாம். வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுத்தால் மூன்று பேருக்கும் அன்றைய நாள் சுகமாக முடியும். ஆனால் எனக்கு ஒன்று மட்டும் நன்றாக விளங்கியது. அந்தக் குமிழைத் திருகிய நாளிலிருந்து அவருக்குப் பிழை தெரியாது. பாடகி நடுவில் நிற்பார், காது என்ன பாடுபட்டாலும் அண்ணை கவலைப்படமாட்டார். ஸ்பீக்கர் என்றால் ஒரு மாதம் கழித்தும் திருத்தலாம். காது அப்படிப் பொறுக்குமா பொறுக்காதா என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை மூடிவைக்கும் உரிமையும் எனக்கு இல்லை.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன்" என்றேன். "உங்கட பஸ்ஸின்ர கதவு எந்தப் பக்கம்?"

அவர் தன் வலக்கையைப் பார்த்தார்.

"வலப்பக்கம்தானே? சனம் ஏறி இறங்கிறது அந்தப் பக்கம். பிள்ளையள் ஓடி வாறது அந்தப் பக்கம். ஆரும் கதவுக்குள்ளை அகப்பட்டுக் கத்தினா அதுவும் அந்தப் பக்கம்தான். அதுக்கு நான் எந்தக் குமிழைத் தாறது?"

அவர் இரண்டு கையையும் தொடையில் வைத்தபடி கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்ன தமிழ் முதலாளிக்கு விளங்கவில்லை, ஆனால் முகங்கள் விளங்கியிருக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு போனவர் கொஞ்சம் கழித்து என் குளிர்ச்சட்டையைக் கொண்டுவந்து தந்தார். "போய்க் காட்டிவிட்டு வா. திங்கட்கிழமை பேசுவோம்" என்றார். குரலில் கோபம் இருந்தது.

லேகவாக்த் என்று நாங்கள் சொல்லும் அவசர வைத்திய நிலையத்தில் நெடுநேரம் காத்திருந்தோம். அண்ணை என்னை விட்டு இரண்டு நாற்காலி தள்ளிப் போய் இருந்தார். இளம் பெண் வைத்தியர் ஒருவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். இசைக்கவை ஒன்றைத் தட்டி நெற்றியில் வைத்து, எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்டார். இடப்பக்கம் என்றார் அண்ணை. சளி என்றால் அடைத்த பக்கத்தில்தான் கூடக் கேட்குமாம். வைத்தியரின் முகம் மாறியது. இது உட்காதின் நரம்போடு சம்பந்தப்பட்டது, எப்போது தொடங்கியது என்று கேட்டார். அண்ணை சொன்னார். இன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், இதற்கு மாத்திரை உண்டு, ஆனால் எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவுக்குத்தான் நம்பிக்கை என்றார் அவர். அங்கிருந்தே வைத்தியசாலைக்குத் தொலைபேசியில் சொன்னார். அக்காவுக்கு நான் சொன்னேன். அவர் வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்ததும் நான் விலகினேன்.

திங்கட்கிழமை முதலாளி முதலில் கேட்டது காது எப்படி என்றுதான். பிறகு என்னைப் பின்னறைக்குக் கூட்டிப்போய் அம்பிளிபயரின் பின்பக்கத்தைக் காட்டினார். அவசரத்தில் நான் மாற்றிய வயரை மாற்றியபடியே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். சனிக்கிழமை பின்னேரம் முழுவதும் அந்த அறையில் ஒஸ்லோவின் பெரிய ரசிகர்கள் எல்லாம் வலத்தை இடமாகவும் இடத்தை வலமாகவும் கேட்டு மெய்மறந்திருக்கிறார்கள். ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. அவரும் கண்டுபிடிக்கவில்லை என்பதை முதலாளி தானே சொல்லிச் சிரித்தார். வயரைப் பற்றிக் கேட்கிற பிள்ளைகளே, இதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

சரியான முடிவை எடுத்தால் நன்றி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பரஞ்சோதி அண்ணையை வைத்தியர்கள் பஸ்ஸிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவர் பயந்தது நடந்துவிட்டது. நான் தொலைபேசியில் கூப்பிட்டால் அவர் எடுப்பதில்லை. கோயிலில் கண்டபோது செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டார். எங்கள் ஊர்ச் சனத்தைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? கடைக்காரன் ஒருத்தன் பாட்டுப்பெட்டி திருத்தப் போய் ஒரு மனிதனின் வேலையைப் பறித்துவிட்டான் என்ற கதை, எனக்குத் தெரியாத ஆட்கள் மூலமாகத் திராமன் நகரத்திலிருந்து திரும்பி வந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் அது எனக்கு வலித்தது. நான் செய்தது சரிதான் என்று தெரிந்திருந்தும் வலித்தது.

பனி கரைந்து, வழுக்காமல் இருக்கத் தெருவில் போட்ட சரளைக் கல்லைக் கூட்டுகிற காலத்தில் அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, ஒருக்கா வீட்டை வாங்கோ" என்றார்.

போனேன். கதவைத் திறந்தவர் பஸ் ஓட்டுநர் சீருடையில் நின்றார். மறுபடி வேலைக்கு எடுத்துவிட்டார்களாம். காதை அளந்து பார்த்ததில், வேலைக்குத் தேவையான அளவு கேட்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் போய்க் காட்ட வேண்டும்.

"முழுக்க வரேல்லைத் தம்பி" என்றார். "மிருதங்கம் வந்திட்டுது. கைத்தாளம் மாதிரிக் கூர்ச்சத்தம் வரேல்லை. வலப்பக்கம் அது செத்தது செத்ததுதான் எண்டு சொல்லிப்போட்டினம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி அந்தக் குமிழ் உள்ள அம்பிளிபயரைக் கொண்டுவந்து பூட்டித் தருகிறேன், இப்போது அதில் ஒரு பிழையும் இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"வேண்டாம். எனக்காண்டி அவவை வலப்பக்கம் தள்ளினா, மனிசிக்கும் பிள்ளைக்கும் அவ நடுவிலை நிக்கமாட்டாவே. எனக்கு எங்கை நிண்டாலும் பறவாயில்லை."

மகள் கூப்பிட்டு அவர் உள்ளே போனார். அக்கா தேநீரோடு வந்தார். கோப்பையை என் கையில் தந்துவிட்டுப் போகாமல் எதிரே இருந்த நாற்காலியின் நுனியில் இருந்தார்.

"உங்களிட்டை ஒண்டு சொல்ல வேணும் தம்பி. கனநாளா மனதுக்குள்ளை கிடக்குது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்டைக்கு நீங்கள் சோகேசை அரக்கிப்போட்டுப் போனாப்பிறகு இவர் எனக்குச் சொன்னவர், இல்லையப்பா, அவ இன்னும் இடப்பக்கம்தான் நிக்கிறா, தம்பியைத் திரும்பக் கூப்பிடுவமோ எண்டு. நான்தான் மறிச்சனான். அந்தப் பிள்ளை வேர்த்து ஒழுக ஒழுகப் பாடுபட்டது, பாவம், திரும்பவும் கூப்பிட்டா மனம் நோகும், பேசாமல் இருங்கோ எண்டு சொன்னனான். அண்டைக்கே கூப்பிட்டிருந்தால் முழுக்க வந்திருக்குமோ தம்பி?"

எனக்கு அதற்குப் பதில் தெரியாது. வைத்தியருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருக்காது. வந்திருக்காது என்று சொல்லித் தேற்றலாம், ஆனால் அது பொய்யாகவும் இருக்கலாம். "தெரியாது அக்கா" என்றேன். "அண்டைக்கு நானும் சரியாக் கேக்கேல்லை." அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். என் மனம் நோகக்கூடாது என்று நினைத்த ஒரு நல்ல மனுசி இப்படி முன்னால் இருந்து அழுதுகொண்டிருந்தது எனக்குத் தாங்கவில்லை.

பிறகு அவர், வீட்டுக்கு வந்தவனைக் கவனிக்க வேண்டும் என்ற பழக்கத்தில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"குடியுங்கோ தம்பி, ஆறப்போகுது. தேத்தண்ணி நல்லாயிருக்கே?"

நான் ஒரு வாய் குடித்தேன். வழக்கமான பதில் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"இல்லை அக்கா. சீனி கூடிப்போச்சு."

அவர் என்னை ஒரு கணம் வெறித்துப் பார்த்தார். பிறகு கண்ணீரோடேயே சிரிக்கத் தொடங்கினார். கோப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு குசினிக்குப் போய், வேறு தேநீர் போட்டுக்கொண்டு வந்தார்.